எசேக்கியேல் 9: நெற்றியில் அடையாளம் பெற்றவர்கள் எருசலேமின் அழிவில் தப்பினார்களா?

எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்துக்குள் தப்புகிறார்கள்: நகரத்தாரை வெட்ட அனுப்பப்பட்டவர்களுக்கு, அடையாளம் உள்ளவர்களைத் தொடாதீர்கள் என்பது கட்டளை. வரிசையைக் கவனியுங்கள். சணல்நூல் அங்கியும் இடுப்பில் மைக்கூடும் உள்ளவன் அடையாளம் போட முதலில் போகிறான். ஆயுதம் ஏந்தியவர்கள் அவன் பின்னால்தான். குலமோ பதவியோ கேட்கப்படவில்லை. நகரத்தின் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சு விட்டு அழுகிறவர்களுக்கே அடையாளம். வெட்டு ஆரம்பிப்பதோ ஆலயத்தில், அதுவும் மூப்பர்களிடம்! ஆலயம் இருக்கும்வரை ஆபத்தில்லை என்ற நம்பிக்கை அங்கேயே நொறுங்குகிறது.

பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். அதே எசேக்கியேல் புத்தகத்தின் 21:3-இல் நீதிமானும் துன்மார்க்கனும் சேர்ந்தே அறுப்புண்பார்கள் என்கிறது. ஆகவே அடையாளத்தை உயிர்க் காப்பீடாக வாசிக்கக்கூடாது; கடவுள் யாரைத் தம்முடையவராக அறிகிறார் என்பதையே அது காட்டுகிறது. 14:14-இன்படி நீதிமான்களான நோவா, தானியேல், யோபு அங்கே இருந்தாலும் தங்களை மட்டுமே காப்பாற்றுவார்கள். 11:16-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அந்நிய நாட்டில் கடவுளே பரிசுத்த ஸ்தலமாக இருக்கிறார்.