சிலுவைப் போர்க் காலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1099-இல், மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவச் சிலுவைப் படையினர் எருசலேமைக் கைப்பற்றியது செல்ஜுக் துருக்கியரிடமிருந்துதானே?

பதில்: இல்லை. முந்தைய ஆண்டே எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய மரபினர் அந்நகரைத் துருக்கியரிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தனர்.

கேள்வி: அப்போது 70,000 பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுவது உண்மையா?

பதில்: அந்த எண் இப்னு அல்-அதீரின் வரலாற்றில் உள்ளது, அவர் எழுதியது நூறாண்டுகளுக்கும் பிறகு. படுகொலை நடந்த காலத்திலேயே கீழ்த்திசையில் பயணம் செய்த செவில் நகர அறிஞர் அபூ பக்ர் இப்னு அல்-அரபியோ 3,000 என்கிறார். எண்ணைக் குறைப்பது படுகொலையை மறுப்பதாகாது. வென்ற சிலுவைப் படைத் தரப்பினரே அதைப் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் எண்ணைக் கண்டால் அதை யார், எப்போது எழுதினார் என்று முதலில் பாருங்கள். இதைப் பலமுறை சொல்லிவிட்டேன், மீண்டும் சொல்கிறேன்.

கேள்வி: கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் 200 ஆண்டுகள் மோதிக்கொண்ட மதப்போர் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமே?

பதில்: சொல்லக் கூடாது. ஆண்டையும் ஊரையும் அரசரையும் விட்டுவிட்டு, இரண்டு மதப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு பேசும் பழக்கத்தால்தான் இக்கேள்வி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. அந்தியோக்கியாவும் எதெஸ்ஸாவும் சிலுவைப் படையினர் நிறுவிய அரசுகள். 1108-இல் அந்தியோக்கியாவை ஆண்ட தாங்கிரெட், அலெப்போவின் முஸ்லிம் ஆட்சியாளர் ரித்வானைத் துணைக்கு வைத்துக்கொண்டு எதெஸ்ஸாவின் பால்டுவினோடு பொருதினார். பால்டுவினுக்குத் துணை நின்றவர் மோசூலை ஆண்டிருந்த ஜவாலி. இரு பக்கமும் சிலுவை வீரர்கள், இரு பக்கமும் முஸ்லிம் படைகள். 1140-இல், மோசூலையும் அலெப்போவையும் ஆண்ட ஸங்கிக்கு அஞ்சிய டமாஸ்கஸின் முஸ்லிம் ஆட்சியாளர் உனுர், எருசலேமின் சிலுவை அரசர் ஃபுல்க்குடன் உடன்படிக்கை செய்துகொள்ள, இரு படைகளும் சேர்ந்து பனியாஸ் கோட்டையைப் பிடித்தன. எட்டே ஆண்டுகளில், அதே டமாஸ்கஸை இரண்டாம் சிலுவைப் படை முற்றுகையிட்டுத் தோற்றது. 1154-இல் அந்நகரம் ஸங்கியின் மகன் நூருத்தீனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

நான்காம் சிலுவைப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 33,500 பேரை ஏற்றிச் செல்வதற்காக 85,000 வெள்ளி மார்க் தருவதாக வெனிஸுடன் ஒப்பந்தம் ஆயிற்று. வந்தவர்களோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். அந்தக் கடனிலிருந்து மீள அவர்கள் 1202-இல் ஸாரா என்ற கத்தோலிக்க நகரைத் தாக்கினர். பிறகு பைசாந்தியம் என்ற கிழக்குக் கிறிஸ்தவப் பேரரசின் வாரிசுச் சண்டையில் தலையிட்டு, 1204-இல் அதன் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடினர். மதப்பற்று வெறும் பாசாங்கு என்று நான் சொல்லவில்லை. நிலத்தை அடகு வைத்துவிட்டு, திரும்புவோமா என்று தெரியாமல் நடந்தவர்களின் நம்பிக்கை மெய்யானது. ஆனால் அந்த நம்பிக்கை எந்த மதிலின்மீது மோத வேண்டும் என்பதைக் கடனும் அச்சமும் வாரிசுச் சண்டையுமே பலமுறை முடிவு செய்தன.

கேள்வி: அந்தப் பேரரசர் போரிடாமலே எருசலேமைப் பெற்றது எப்படி?

பதில்: பெயரோ ஆண்டோ எழுதாமல் கேட்டால் எப்படி? 1229-இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் செய்த உடன்படிக்கையைக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். எகிப்தின் சுல்தான் அல்-காமில் தம் குடும்பத்தினரோடு டமாஸ்கஸுக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருந்ததால், பத்தாண்டு அமைதிக்கு ஈடாக நகரை விட்டுக்கொடுத்தார். அல்-அக்ஸா வளாகம் மட்டும் முஸ்லிம்களிடமே இருந்தது. பெற்றவரோ போப்பால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்.

கேள்வி: சலாகுதீன் 1187-இல் எருசலேம் மக்கள் அனைவரையும் விடுவித்தாரா?

பதில்: இல்லை. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாகுதீன் அந்த ஆண்டு நகரைச் சிலுவைப் படையினரிடமிருந்து கைப்பற்றியபோது, ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் மீட்புப் பணம். சுமார் 7,000 ஏழைகளுக்காக மொத்தமாக 30,000 தீனார் கட்டப்பட்டது. அவரும் அவருடைய தம்பியும் பலரைப் பணமின்றியே விடுவித்தனர். எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர். 1099-ஐப் போன்ற படுகொலை நிகழவில்லை என்பது முற்றிலும் உண்மை. அதற்கு மேல் கதை கட்ட வேண்டாம்.

கேள்வி: அரபு அறிவியல் ஐரோப்பாவை அடைந்தது சிலுவைப் போர்களால்தானே?

பதில்: பெரும்பாலும் ஸ்பெயினின் தொலேதோ வழியாகவும் சிசிலி வழியாகவும். தாலமியின் வானியல் நூலான அல்மஜெஸ்ட்டைக் கிரெமோனாவின் ஜெரார்டு 1175-ஐ ஒட்டி அரபியிலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுவந்தது தொலேதோவில்தான். சிலுவை அரசுகளின் பங்கு சிறியது. ஆனால் அறவே இல்லாமலில்லை. பாரசீக மருத்துவர் அலி இப்னு அல்-அப்பாஸின் மருத்துவப் பெருநூலை 1127-இல் ஸ்டீபன் என்பவர் அந்தியோக்கியாவில் மொழிபெயர்த்தார்.