பிள்ளைகள் பாட்டியிடம், நீங்கள் மலையில்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஏழு வயதில் மகனும் மூன்று வயதில் மகளும் இருக்கிறார்கள். மகள் பிறந்த பிறகு நானும் என் கணவரும் தனியாக ஒரு மணி நேரம்கூட வெளியே சென்றதில்லை. வரும் தை மாதம் எங்கள் திருமண நாளன்று ஏற்காட்டுக்குச் சென்று, மாலையிலும் இரவிலும் மலைப்பாதையில் நடந்துவிட்டு, ஓர் இரவு தங்கி வரலாம் என்று அவர் ஆசைப்படுகிறார். "நான் பார்த்துக்கொள்கிறேன், போய் வாருங்கள்" என்று மாமியாரே சொல்லிவிட்டார். ஆனால் மகள் அழுவாளே என்ற எண்ணமும், உறவினர்கள் என்ன சொல்வார்களோ என்ற தயக்கமும் என்னை விடவில்லை. செல்லலாமா? இரவில் மலையில் நடப்பது பாதுகாப்பானதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, தாராளமாகச் சென்று வாருங்கள். உங்கள் மாமியார் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் என்பதே பெரிய கொடுப்பினை. அதற்கு மேல் உறவினர்களின் சம்மதத்தை நீங்கள் தேட வேண்டியதில்லை.

மகளைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவள் தூங்கும்போது நைசாகக் கிளம்பிவிடுங்கள் என்று பலரும் உங்களுக்கு யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விழித்துப் பார்க்கும்போது அம்மாவைக் காணோம் என்றால், மறுநாளிலிருந்து நீங்கள் குளியலறைக்குச் சென்றாலும் அவள் கதவருகிலேயே நிற்பாள். மூன்று வயதுக் குழந்தைக்கு நேரக் கணக்கு தெரியாது. ஆனால் "இன்று ராத்திரி பாட்டி பக்கத்தில் தூங்குவாய், காலையில் இட்லி சாப்பிடுவாய், மத்தியானம் சாப்பிடும்போது அம்மா வந்துவிடுவேன்" என்றால் நன்றாகவே புரியும். சொன்னபடியே மத்தியானம் வந்து நில்லுங்கள். கிளம்பும்போது அழுதால் அழட்டும். அந்த அழுகையை ஆற்றப் பாட்டியின் மடி இருக்கிறது.

நீங்கள் தேர்ந்தெடுத்த ஊரும் பொருத்தமானதே. சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான பொழுதில் வீட்டுக்கு வந்துவிடலாம். முதன்முறையாகப் பிள்ளைகளை விட்டுச் செல்பவர்கள் கொடைக்கானல், மூணாறு என்று தொலைவில் போய், இரவு முழுவதும் மனம் வீட்டிலேயே கிடந்து தவிப்பதைவிட இதுவே நல்லது.

இரவு நடையைப் பற்றி மட்டும் உங்கள் கணவரிடம் சற்றுக் கண்டிப்பாகப் பேசுங்கள். நடையைப் பிற்பகல் மூன்று மணிக்கே தொடங்கி, இருட்டுவதற்கு முன்பு முடித்துவிட வேண்டும். தை மாதத்தில் ஆறேகால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதன் பிறகு அரை மணி நேரத்துக்குள் கால் வைக்கும் இடம்கூடத் தெரியாத இருட்டு சூழ்ந்துவிடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. அந்திப் பொழுதிலும் விடியலிலும்தான் அவை மேய்ச்சலுக்கு வெளியே வரும். முக்கால் டன் எடையைத் தாண்டக்கூடிய விலங்கு அது. எதிர்ப்பட்டால் படமெடுக்க நிற்காமல், வந்த வழியே சத்தமின்றித் திரும்பிவிட வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. காட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்று அவர் விரும்பினால், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவுடன் திறந்திருக்கிறது. வழிகாட்டிகளோடு பகலில் நடக்கலாம். அதை இன்னொரு திருமண நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை பகோடா முனைப் பக்கமோ சேர்வராயன் கோயில் பக்கமோ ஊர்ச் சாலைகளிலேயே நடங்கள். இருபுறமும் காப்பித் தோட்டங்கள், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அந்த மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகள் என்று நடையின் அலுப்பே தெரியாது. தோட்டங்கள் தனியாருக்கு உரியவை என்பதால் கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம். கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதை செங்குத்தானது, வழுக்கும். மாலையில் அங்கே செல்ல வேண்டியதில்லை. நடை முடிந்ததும் லேடீஸ் சீட் பகுதிக்கு வந்து அமருங்கள். சேலம் நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கிச் சிறிது நேரத்தில் சமவெளி முழுவதும் பரவுவதை அங்கிருந்து பார்க்கலாம். அந்த விளக்குகளில் ஏதோ ஒன்று உங்கள் வீட்டுடையது. அதன் கீழே உங்கள் பிள்ளைகள் பாட்டியிடம் சோறு வாங்கிக்கொண்டிருப்பார்கள். சேலத்தைவிட மேலே ஏழெட்டு டிகிரி குளிர் கூடுதலாக இருக்கும் என்பதால், ஆளுக்கொரு கம்பளிச் சட்டையும் ஒரு டார்ச்சும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். இரவில் மலையிறங்கி வர முயலாமல் அங்கேயே தங்கிவிடுங்கள்.

என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, நானும் என் கணவரும் இப்படி ஒரு மாலை நடந்தோம். முதல் அரை மணி நேரம் அவளைப் பற்றியே பேசினோம். பிறகு பேச ஒன்றுமே இல்லாததுபோல் இருவரும் மௌனமாகிவிட்டோம். எனக்குச் சற்றுப் பயமாகக்கூட இருந்தது. ஓரிடத்தில் என் சேலைக் கரை முழுவதும் நாயுருவி விதைகள் ஒட்டிக்கொண்டன. அவர் ஒரு பாறையில் என்னை உட்கார வைத்து, கீழே குந்தி, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். அப்படிப் பிடுங்கிக்கொண்டே, வேலையில் தனக்கிருந்த ஒரு பெரிய கவலையை என் முகத்தைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினார். எட்டு மாதமாக அவர் மனதில் வைத்திருந்தது அது. வீட்டில் அதைச் சொல்லப் பத்து நிமிடம் கிடைத்ததே இல்லை. ஆகவே உங்களிடையேயும் மௌனம் வந்தால் கைப்பேசியை எடுத்துவிடாதீர்கள், சற்றுப் பொறுங்கள். வீட்டுக்கு ஒருமுறை பேசி, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

நம் தமிழ் மரபு காதலர் கூடுவதற்கு மலையையும், காத்திருக்கும் மனைவிக்கு முல்லை நிலத்தையும் வகுத்து வைத்தது. பிள்ளை பெற்றவர்கள் பல ஆண்டுகள் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் காத்திருந்தே கழித்துவிடுகிறோம். ஒரு மாலையாவது குறிஞ்சிக்குத் திரும்புவதில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நானும் மனைவியும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுமலையில் நடப்போம். நான் முன்னால் போய்விடுகிறேன், அவர் மூச்சு வாங்கிப் பின்தங்கிக் கோபித்துக்கொள்கிறார். என்ன செய்வது?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: அவரை முன்னால் நடக்க விடுங்கள், அவருடைய வேகமே இருவரின் வேகமாக இருக்கட்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். சற்று நடந்தாலே நெஞ்சு அடைப்பதுபோல் இருப்பதாக அவர் சொன்னால், மலைக்குச் செல்லும் முன்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பையை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள்.