அமெரிக்காவில் நிலம் வாங்கியாச்சு, மானியம் எங்கே? நம்மவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஜார்ஜியாவில் 22 ஏக்கரில் ஆடும் கீரையும் வளர்க்கிறேன். இது பதினோராவது வருடம். அரசுத் திட்டங்கள் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டல்லாஸ் பக்கம் 18 ஏக்கர் வாங்கியவர்: அக்கா, மானியம் நிறைய இருக்கு என்கிறார்கள். எங்கே போய்க் கேட்பது?

உங்கள் கவுண்டிக்கான (மாவட்டம் மாதிரி) யு.எஸ்.டி.ஏ., அதாவது அமெரிக்க வேளாண் துறையின் சேவை மையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் இரண்டு அலுவலகங்கள் இருக்கும். முதலில் எஃப்.எஸ்.ஏ., அதாவது பண்ணைச் சேவை அலுவலகம். அங்கே பத்திர நகலும் அடையாள அட்டையும் கொடுத்து பண்ணை எண் வாங்குங்கள். நம்ம ஊர் சர்வே நம்பர் மாதிரி, அது இல்லாமல் எந்தக் கோப்பும் நகராது. கூடவே ஏ.டி.-1026 என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். எளிதில் அரிக்கும் நிலத்தைத் திட்டமில்லாமல் உழமாட்டேன், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் வைக்கமாட்டேன் என்ற உறுதிமொழி அது. படித்துவிட்டுப் போடுங்கள், மீறினால் மற்ற உதவிகளும் போய்விடும்.

அடுத்தது என்.ஆர்.சி.எஸ்., மண், நீர் போன்ற இயற்கை வளங்களைக் காக்கும் அலுவலகம். அங்கே போய் "என்ன மானியம் இருக்கு?" என்று கேட்காதீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். எதிரே இருந்தவர், "உங்கள் நிலத்துக்கு என்ன பிரச்சினை?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே நேரில் வந்தார், அதற்குக் கட்டணம் கிடையாது. அடையாளக் கொடி கட்டும் கம்பி ஒன்றை மண்ணில் குத்தினார். நாலு அங்குலம் இறங்கியதும் வளைந்துவிட்டது. "தண்ணீருக்கும் இதே கதிதான்" என்றார். மழை பெய்தால் மேட்டுச் செம்மண் ஏன் குட்டைக்கு வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பணம் அந்தப் பிரச்சினைக்குத்தான் வரும், நம் ஆசைக்கு வராது.

சார்லட் அருகிலிருந்து: என்.ஆர்.சி.எஸ்.ஸின் ஈக்விப் என்ற மண், நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தில் வேலிக்குப் பணம் தருகிறார்களாமே. பாதி வேலி போட்டுவிட்டேன், மீதியோடு சேர்த்துக் கேட்கலாமா?

போட்ட பாதிக்குக் கிடைக்காது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஆரம்பித்த வேலைக்குப் பணம் இல்லை. நான் அவசரப்பட்டு ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியை முன்னாடியே வைத்துவிட்டு முழுச் செலவையும் சொந்தக் கையிலிருந்து கொடுத்தேன். அதனால் வேலையை இன்றே நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். வேலி அழகுக்கு அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். மேய்ச்சலைப் பிரித்து ஆட்டைச் சுழற்றி மேய்க்கும் திட்டத்தோடு சேர்ந்தால்தான் எடுபடும்.

பணமும் நீங்கள் காட்டும் பில்லுக்கு வராது. அடிக்கு இவ்வளவு என்று மாநிலம்வாரியாக விகிதம் வைத்திருப்பார்கள். வேலை முடிந்து, அவர்கள் வந்து அளந்த பிறகு அந்தக் கணக்கில் தருவார்கள். மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை. பண்ணை தொடங்கி 10 வருடம் தாண்டாத புதியவர்களுக்கு 90 சதவீதம் வரை போகலாம், அதில் பாதியை முன்பணமாகவும் கேட்கலாம். எனக்கு அந்தச் சலுகை போன வருடத்தோடு போச்சு. உங்களுக்கு இருந்தால் விடாதீர்கள்.

அட்லாண்டா: மூடு பயிருக்குக்கூடக் காசா?

ஆமாம், அறுவடைக்கு இல்லாமல் மண்ணை மூடிக் காக்க விதைக்கும் பயிருக்கும் காசுதான். எனக்குக் கொடுத்த பட்டியலில் 'சன் ஹெம்ப்' என்று ஒன்று இருந்தது. விதை வந்ததும் பார்த்தால் நம்ம சணப்பு! மாமனார் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "இதுக்கா காசு தர்றான்?" என்று சிரித்தார். ஒரு வித்தியாசம்: அங்கே பூக்கும் நேரத்தில் மடக்கி உழுவோம், இங்கே உழாமல் உருட்டிச் சாய்த்து மண்மேல் போர்வையாக விடச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் ஏன் செலவழிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், இதே ஜார்ஜியாவில் ஸ்டூவர்ட் கவுண்டியில் இருக்கும் பிராவிடன்ஸ் கேன்யனைப் போய்ப் பாருங்கள். 1800களில் பருத்திக்காகக் காடழித்துக் கண்டபடி உழுததில் மண் அரித்து உண்டான பள்ளம், சில இடங்களில் 150 அடி ஆழம். 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம்கூட, மேற்கே புழுதிப் புயல் நகரங்களை மூடிய பிறகுதான் வந்தது.

நியூ ஜெர்சி, எச்-1பி: நான் நிலம் வாங்கலாமா?

முதலில் வாங்கப்போகும் மாநிலத்தின் சட்டத்தை ஒரு வக்கீலிடம் கேளுங்கள், எல்லா மாநிலமும் ஒன்றல்ல. வாங்கினால், பலருக்கும் தெரியாத ஒரு கடமை இருக்கிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இது 1978ஆம் வருடச் சட்டம். மிகச் சிறிய நிலத்துக்கு விலக்கு உண்டு. தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகும். எஃப்.எஸ்.ஏ. கடனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், எச்-1பிக்கு அது கிடையாது.

அயோவா: நிலத்தைச் சும்மா போட்டால் வாடகை தருவார்களாமே?

சி.ஆர்.பி. என்ற நிலப் பாதுகாப்புத் திட்டத்தைச் சொல்கிறீர்கள். 1985இல் வந்தது. சும்மா போட்டால் களைதான் மிஞ்சும். அவர்கள் சொல்லும் புல்லோ மரமோ நட்டு, 10 முதல் 15 வருடம் பராமரிக்க வேண்டும். பொதுச் சேர்க்கையில் பயிர் நிலத்தைச் சேர்க்க 2018 பண்ணைச் சட்டப்படி, 2012 முதல் 2017 வரையிலான ஆறு வருடத்தில் நான்கு வருடமாவது அதில் பயிர் வைத்திருக்க வேண்டும். பொதுவாக நிலம் உங்கள் பெயரில் ஒரு வருடமாவது இருந்திருக்கவும் வேண்டும். வாடகை உங்கள் கவுண்டியில் அந்த மாதிரி மண்ணுக்குப் போகும் குத்தகையை ஒட்டித்தான் இருக்கும், பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆஸ்டின்: ஈக்விப்பில் பயிர் வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குப் பணம் கொடுத்தால், அதில் முருங்கை வைக்கலாமா?

தரையில் இருக்கும் மண்ணிலேயே நட்டால் வைக்கலாம். ஆடு கட்டவோ டிராக்டர் நிறுத்தவோ கூடாது.

மறுபடியும் அயோவா: இடையில் விற்க வேண்டி வந்தால்?

சி.ஆர்.பி. என்றால், வாங்குகிறவர் ஒப்பந்தத்தை ஏற்றால் பிரச்சினை இல்லை. ஏற்காவிட்டால் இதுவரை வாங்கியதை வட்டியோடு திருப்ப வேண்டும், மேலே ஒரு வருட வாடகையில் கால் பங்கு அபராதம். விலை பேசும் முன்பே வாங்குகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.