வாசகர் கேள்விகள்: ஆய்வுக்குக் கொடுத்த முகமும் கைரேகையும் யார் பொறுப்பில்?

அமெரிக்காவில் முகம், கைரேகை, கருவிழி போன்ற உடல் அடையாளங்களைப் பதிவு செய்யும் பயோமெட்ரிக் ஆய்வுகளில் பங்கேற்ற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கிற்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: கூட்டாட்சி அரசுத் துறை ஒன்றின் ஆய்வகத்தில், முகங்களை அடையாளம் காணும் மென்பொருளைச் சோதிப்பதற்காக என் முகப்படங்களையும் கைரேகைகளையும் பதிவு செய்துகொண்டார்கள். பெயரை நீக்கி எண் மட்டும் இட்டிருப்பதால் தனியுரிமைச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்கிறார்கள். நான் அமெரிக்கக் குடிமகன். அவர்கள் சொல்வது சரியா?

பதில்: பெயரை நீக்கியது ஒன்றே காரணம் என்றால் சரியன்று. 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம் ‘பதிவு’ என்பதை வரையறுக்கும்போது பெயரோடு நின்றுவிடவில்லை. ஒருவரை அடையாளம் காட்டும் எண், குறியீடு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்வதோடு, கைரேகை, குரல்பதிவு, ஒளிப்படம் ஆகியவற்றையும் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. ஆகவே உங்கள் கைரேகை பெயர் இல்லாமலே உங்களைச் சுட்டும் தகவல்தான்.

ஆனால் அது ‘பதிவு’ என்று ஆகிவிட்டதாலேயே சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் கிடைத்துவிடாது. அந்தப் பதிவு, பெயரையோ அடையாளக் கூறு ஒன்றையோ கொண்டு தேடி எடுக்கப்படும் தொகுப்பில் இருக்க வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டிய கடமையும், உங்கள் பதிவைப் பார்ப்பதற்கும் திருத்தக் கோருவதற்கும் உள்ள உரிமையும், அதைப் பிறருக்குக் கொடுப்பதன் மீதான தடையும் இதைப் பொறுத்தே அமைகின்றன. இந்த வரையறையை நீதிமன்றங்கள் குறுக்கியே படித்திருக்கின்றன. 1996இல் ஹெங்கி என்பவர் வணிகத் துறைக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தகவலைப் பெயரைக் கொண்டு எடுக்க முடியும் என்பது மட்டும் போதாது, நடைமுறையில் அப்படி எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் எனக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

எனவே, ‘மங்கலான ஒளியில் எடுத்த படங்கள் அனைத்தும்’ என்ற வகையில் மட்டுமே ஆய்வாளர் படங்களை எடுத்தால் சட்டம் விலகி நிற்கும். ‘இந்த எண்ணுக்குரிய பங்கேற்பாளரின் படங்கள்’ என்று எடுத்தால் சட்டம் உள்ளே வரும். முக அடையாள ஆய்வில் இரண்டாவது வகையைத் தவிர்க்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. 1993 முதல் 1996 வரை பாதுகாப்புத் துறையின் ஆதரவில் திரட்டப்பட்ட ‘ஃபெரெட்’ என்னும் முகப்படத் தொகுப்பில் 1,199 பேரின் 14,126 படங்கள் இருந்தன. ஒரே மனிதரின் வெவ்வேறு நாள் படங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல் அத்தகைய தொகுப்பைக் கொண்டு எந்த மென்பொருளையும் சோதிக்க இயலாது. ஒரு முகத்தைக் காட்டி அதே ஆளின் மற்றப் படங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வதுதானே சோதனை! அதை அடையாளக் கூற்றைக் கொண்டு தேடுவதாகாது என்று வாதிடுவது சட்டத்தின் சொற்களோடு ஒட்டவில்லை.

ஆய்வகத்துக்கு எழுத்து மூலமாகவே கேள்வி அனுப்புங்கள். உங்கள் கோப்பை எதைக் கொண்டு எடுக்கிறார்கள், எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் யார் கையில் இருக்கிறது, அரசிதழின் எந்த அறிவிப்பின் கீழ் இத்தொகுப்பு வருகிறது என்று கேளுங்கள். அறிவிப்பே இல்லை என்று பதில் வந்தால், 2002ஆம் ஆண்டின் மின் அரசாண்மைச் சட்டப்படி தயாரிக்க வேண்டிய தனியுரிமைத் தாக்க மதிப்பீட்டைக் கேளுங்கள். தகவலை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்பதை அந்தக் கடமை சார்ந்திருக்கவில்லை; அடையாளம் காணத்தக்க தகவலைப் பொதுமக்களிடமிருந்து திரட்டும் கணினி அமைப்பு என்பதே போதும்.

கேள்வி: மாணவர் விசாவில் படிக்கிறேன். அரசு நிதி பெறும் பல்கலைக்கழக ஆய்வுக்குக் கருவிழிப் பதிவு கொடுத்தேன். எனக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இச்சட்டம் ‘தனிநபர்’ என்று சொல்வது அமெரிக்கக் குடிமக்களையும் சட்டப்படி நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும் மட்டுமே. மேலும், இது கூட்டாட்சி அரசுத் துறைகளையே கட்டுப்படுத்துகிறது. துறையின் சார்பில் பதிவுத் தொகுப்பை நடத்த ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனத்துக்கும் இச்சட்டம் நீளும். ஆனால் ஆராய்ச்சி மானியம் பெற்ற பல்கலைக்கழகம் அதனாலேயே அரசுத் துறை ஆகிவிடாது.

உங்களைக் காப்பது, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான ‘காமன் ரூல்’ எனப்படும் கூட்டாட்சி விதிகள். அவை குடியுரிமை பார்ப்பதில்லை. 2019 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, அடையாளங்களை நீக்கிய பின் உங்கள் தகவல் வேறு ஆய்வுகளுக்கு மீண்டும் ஒப்புதல் பெறாமலே பயன்படுத்தப்படலாமா என்பதை ஒப்புதல் படிவம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைத் தேடிப் படியுங்கள். கருவிழியின் வரிகளே அடையாளமாக இருக்கும்போது ‘அடையாளங்களை நீக்குவோம்’ என்று படிவம் எதைச் சொல்கிறது என ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: ஆய்வுக்கென்று கொடுத்த கைரேகை காவல்துறையின் கைக்குப் போகுமா?

பதில்: அரசுத் துறையின் தொகுப்பாக இருந்தால், போக வழி உண்டு. தனியுரிமைச் சட்டம் உங்கள் ஒப்புதலின்றித் தகவலைக் கொடுக்கக்கூடாது என்று தொடங்கிவிட்டு, பன்னிரண்டு விலக்குகளைத் தருகிறது. சட்ட அமலாக்க அமைப்பின் தலைவர் எந்தப் பகுதி வேண்டும், எதற்காக வேண்டும் என்று எழுதிக் கேட்டால் கொடுக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. சேகரித்த நோக்கத்தோடு இணங்கும் ‘வழக்கமான பயன்பாடு’ என்பது மற்றொன்று. அது என்னென்ன என்பது அரசிதழ் அறிவிப்பில் இருக்கும். ஆய்வுத் தொகுப்புக்கான அறிவிப்பில் காவல் பணி ஒரு வழக்கமான பயன்பாடாக எழுதப்பட்டிருந்தால், கையெழுத்திடும் முன் நன்றாக யோசியுங்கள்.

தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் ஆய்வு என்றால் நிலை மேலானது. 2016இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டத்திற்குப் பின், அடையாளம் காணத்தக்க, வெளியே தெரிந்தால் பாதிப்பு தரக்கூடிய தகவலைத் திரட்டும் அத்தகைய ஆய்வுகளுக்கு இரகசியக் காப்புச் சான்றிதழ் தானாகவே கிடைக்கிறது. வழக்கு விசாரணைகளில்கூட உங்கள் ஒப்புதலின்றி அத்தகவலைக் கொடுக்க அது தடை விதிக்கிறது.

தகவல் தவறான கைக்குப் போனபின் நிவாரணம் தேடுவது கடினம் என்பதால்தான் முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன். 2015இல் கூட்டாட்சிப் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தின் கணினிகளிலிருந்து சுமார் 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடப்பட்டன. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. இருந்தும், தனியுரிமைச் சட்டத்தின் கீழ் அரசிடம் இழப்பீடு பெற, நிரூபிக்கத்தக்க பண இழப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்துள்ளது; மன வேதனை கணக்கில் வராது. பயோமெட்ரிக் தகவலைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் நியாயமற்றது. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும்.

கேள்வி: இறந்தவர்களின் படங்களை அரசு ஆய்வுக்கு வெளியிடுவது உண்மையா? குடும்பத்தினர் தடுக்க முடியுமா?

பதில்: உண்மைதான். தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட ‘மெட்ஸ்’ என்னும் தொகுப்பு, காவல் அமைப்புகள் பலமுறை படமெடுத்து, பின்னர் இறந்துபோனவர்களின் முகப்படங்களால் ஆனது. தனியுரிமைச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கே உரிமை தருகிறது என்று 1975ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டுதல் கூறுகிறது. காமன் ரூல் விதிகளும் உயிருள்ளவர்களையே ஆய்வுக்குரியவர்களாகக் கொள்கின்றன. எனவே இவ்விரண்டையும் கொண்டு குடும்பத்தினர் தடுக்க இயலாது. ஆயினும் நிறுவனத்துக்கு எழுதி, குறிப்பிட்ட ஒருவரின் படத்தை இனிவரும் வெளியீடுகளில் விட்டுவிடுமாறு வேண்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அந்த முகச்சாயல் உயிரோடிருக்கும் பிள்ளைகளிடமும் உடன்பிறந்தவர்களிடமும் தொடர்வதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்; குடிமக்களாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களாகவோ இருந்தால் அவர்கள் சட்டம் சொல்லும் ‘தனிநபர்’கள்.