கேள்வி - பதில்: கூடைப்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார்?

கேள்வி: மைக்கேல் ஜோர்டனா, லெப்ரான் ஜேம்ஸா? கூடைப்பந்து வரலாற்றின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தாங்கள் யாரைக் கருதுகிறீர்கள்?

பதில்: இந்த இருவருக்குள் என்றால் ஜோர்டன். அவர் ஆடிய சிகாகோ புல்ஸ் அணி 1991 முதல் 1998 வரை ஆறு முறை, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் இறுதித் தொடருக்குச் சென்று ஆறு முறையும் வென்றது. ஆறிலும் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்கே தொடர் என்ற நிலையில், அவற்றில் ஒரு தொடர்கூட ஏழாவது ஆட்டம் வரை நீளவில்லை. புள்ளிச் சராசரியில் பத்துப் பருவங்கள் முதலிடத்தில் இருந்தவர், 1988இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் பெற்றார். லெப்ரானின் பெருமை நீண்ட காலம் உச்சத்தில் நிலைத்திருந்ததில் இருக்கிறது. 2011 முதல் 2018 வரை தொடர்ந்து எட்டு இறுதித் தொடர்களில் ஆடியதும், பருவத்தில் 73 வெற்றிகள் கண்டிருந்த கோல்டன் ஸ்டேட் அணியை 2016இல் 1-3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வீழ்த்தியதும் சாதாரணச் செயல்கள் அல்ல.

ஆனால், இந்த விவாதம் இருவருக்கு இடையிலானதாகச் சுருங்கிவிட்டதை நான் ஏற்கவில்லை. என் தேர்வு கரீம் அப்துல் ஜப்பார். பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஆறு முறை பெற்றவர் அவர் ஒருவரே. ஜோர்டனுக்கு அது ஐந்து முறையும் லெப்ரானுக்கு நான்கு முறையும் கிடைத்தது. இருபது பருவங்களில் அவர் சேர்த்த 38,387 புள்ளிகள் என்ற சாதனையை, 2023 பிப்ரவரியில் லெப்ரான் முறியடிக்கும் வரை எவராலும் எட்ட முடியவில்லை. முதல் பருவத்தில் 27 ஆட்டங்களை மட்டுமே வென்றிருந்த மில்வாக்கி அணி, 1969இல் அவர் வந்து சேர்ந்ததும் 56 ஆட்டங்களை வென்றது. அதற்கு அடுத்த பருவத்தில் சாம்பியன் ஆனது. கல்லூரி ஆட்டத்திலும் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்காக மூன்று ஆண்டுகளில் மூன்று தேசியப் பட்டங்களை வென்றார். இடையே கல்லூரிக் கூடைப்பந்தில் டங்க் (எழும்பிப் பந்தை மேலிருந்து கூடைக்குள் திணிப்பது) தடை செய்யப்பட்டபோது, அது அவரை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டது என்று பலரும் பேசினார்கள்.

இத்தனை இருந்தும் அவர் பெயர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் சொல்லப்படுகிறது. இதற்குத் தொலைக்காட்சியும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். ஜோர்டனின் இறுதித் தொடர்களை உலகமே நேரலையில் பார்த்தது. கரீம் பின்னர் சேர்ந்த லேக்கர்ஸ் அணி பட்டம் வென்ற 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தையோ, அமெரிக்காவின் பெரும்பகுதியில் பதிவு செய்து இரவு வெகுநேரம் கழித்தே ஒளிபரப்பினார்கள். நாம் கண்ணால் பார்த்தவரை மட்டும் வைத்து வரலாறு முழுமைக்கும் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது.

கேள்வி: கரீமின் ஆறு பட்டங்களில் ஐந்து, லேக்கர்ஸ் அணியில் மேஜிக் ஜான்சனுடன் சேர்ந்து வென்றவை. தாங்கள் குறிப்பிடும் அதே 1980 ஆறாவது ஆட்டத்தில் கரீம் ஆடவே இல்லை. அப்படியிருக்க, பெருமை மேஜிக்குக்கு அல்லவா சேர வேண்டும்?

பதில்: அந்த ஆட்டத்தின் பெருமை முழுவதும் மேஜிக்குக்கே உரியது. இருபது வயதில், முதல் பருவத்திலேயே, கணுக்கால் காயத்தால் விலகியிருந்த கரீமின் இடத்தில் நின்று 42 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்து அவர் பட்டத்தை முடித்து வைத்தார். ஆனால் அதற்கு முந்தைய ஐந்து ஆட்டங்களில் சராசரியாக 33 புள்ளிகளுக்கு மேல் எடுத்து, அணியை 3-2 என்ற முன்னிலைக்குக் கொண்டு வந்தவர் கரீம். துணை இல்லாமல் வென்றவர் யாரும் இல்லை. ஜோர்டனின் ஆறு பட்டங்களிலும் ஸ்காட்டி பிப்பன் உடன் இருந்தார்.

என்னை முழுமையாக வென்றெடுத்தது 1985 இறுதித் தொடர். அதற்கு முன் லேக்கர்ஸ் அணி இறுதித் தொடரில் பாஸ்டன் செல்டிக்ஸை எட்டு முறை சந்தித்து எட்டு முறையும் தோற்றிருந்தது. அந்த ஆண்டின் முதல் ஆட்டத்திலும் 148-114 என்று படுதோல்வி. அதில் 12 புள்ளிகளும் மூன்றே ரீபவுண்டுகளும் எடுத்த, 38 வயது கரீமின் காலம் முடிந்துவிட்டதாகவே எழுதினார்கள். அவர் அந்த ஆட்டத்தின் பதிவை முன்வரிசையில் அமர்ந்து பார்த்து, தம் பிழைகளை ஒவ்வொன்றாகக் கவனித்தார். இரண்டாவது ஆட்டத்தில் 30 புள்ளிகள், 17 ரீபவுண்டுகள், 8 அசிஸ்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது). ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டனின் சொந்த அரங்கிலேயே லேக்கர்ஸ் பட்டம் வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1971இல் முதன்முறையாகப் பெற்ற கரீம், பதினான்கு ஆண்டுகள் கழித்து அதை மீண்டும் பெற்றார். இந்த இடைவெளிக்கு இணையாக என்னால் எதையும் சொல்ல முடியவில்லை. 1988 பட்டத்தை மட்டும் நான் அதிகம் கணக்கில் கொள்வதில்லை. 41 வயதில் அவருடைய பருவச் சராசரி 15 புள்ளிகளைக்கூட எட்டவில்லை.

கேள்வி: பதினொரு பட்டங்கள் வென்ற பில் ரஸ்ஸல் இருக்கும்போது விவாதத்துக்கே இடம் ஏது?

பதில்: எனக்கு மிகுந்த தயக்கத்தைத் தரும் பெயர் இதுதான். பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்கள். கடைசி இரண்டில் அவரே பயிற்சியாளராகவும் இருந்தார். அவருடைய தலையாய திறமையான பிளாக்கை, அதாவது எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவதை, என்.பி.ஏ. கணக்கெடுக்கத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். அவர் ஓய்வு பெற்றது 1969இல். ஆகவே புள்ளிவிவரங்களை மட்டும் பார்ப்பவர்கள் அவருக்கு அநீதி இழைக்கிறார்கள். எனினும் அவர் ஆட வந்த காலத்தில் மொத்தம் எட்டு அணிகளே இருந்தன. பட்டத்துக்கு இரண்டு தொடர்களை வென்றால் போதுமாக இருந்தது. தடுப்பில் அவருக்கு நிகரில்லை; ஆனால் புள்ளி எடுக்கும் சுமையை மற்றவர்கள் தாங்கினார்கள். அந்தச் சுமையைப் பல ஆண்டுகள் தாமே தாங்கிக்கொண்டு தடுப்பிலும் முன்னின்றவர் என்பதால் கரீமை ஒரு படி மேலே வைக்கிறேன்.

கேள்வி: ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்த வில்ட் சேம்பர்லினை ஏன் பலரும் முதலிடத்தில் வைப்பதில்லை?

பதில்: 1962 மார்ச் 2 அன்று படைக்கப்பட்ட அந்தச் சாதனையும், அந்தப் பருவத்தில் அவர் எடுத்த 50.4 என்ற சராசரியும் இனி எவருக்கும் எட்டும் என்று தோன்றவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த பட்டங்கள் இரண்டே.

கேள்வி: தொலைவிலுள்ள வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலே ஆட்டத்தைத் தீர்மானிக்கும் இன்றைய காலத்தில், கரீமின் தனி முத்திரையான ஸ்கை ஹூக் எறிதல் எடுபடுமா?

பதில்: எடுபடும் என்றே உறுதியாக நம்புகிறேன். 7 அடி 2 அங்குல உயரமுள்ள ஒருவர் பக்கவாட்டில் திரும்பி, தம் உடலையே தடுப்பவருக்கும் பந்துக்கும் நடுவே நிறுத்தி, கையை முழுவதும் உயர்த்தி உச்சியில் பந்தை விடுவிக்கும்போது, அதைத் தட்டிவிட எந்த விதி மாற்றமும் உதவாது. இன்று அவருக்குச் சிக்கல் தடுப்பில்தான் வரும்; கூடைக்கு அருகில் நின்று பழகியவர், வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் நடு ஆட்டக்காரர்களைத் துரத்திச் செல்ல வேண்டியிருக்கும். மூன்று புள்ளி எறிதல் 1979இல் வந்த பிறகும், பத்துப் பருவங்களில் அவர் அப்படி ஒரே ஒரு முறைதான் பந்தைக் கூடையில் போட்டார் என்பதும் உண்மை. ஆனால் அவருக்கு அது தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் எறிந்தவற்றில் ஏறத்தாழ 56 சதவீதம் கூடையில் விழுந்தன. அதாவது ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி வீதம் நூறு எறிதல்களுக்கு 112 புள்ளிகள். மூன்று புள்ளி எறிதலில் 36 சதவீதம் வெற்றி பெறும் இன்றைய நல்ல ஆட்டக்காரருக்கு அதே நூறு எறிதல்களில் கிடைப்பது 108.