எதைக் கேட்டாலும் "முடியல" என்கிறார் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக எங்கே கூப்பிட்டாலும் "முடியலப்பா" என்கிறார். கோயிலுக்கும் வருவதில்லை, சொந்தக்கார வீட்டு விசேஷத்துக்கும் வருவதில்லை. என்ன பண்ணுது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, ஒரு மாதிரியா இருக்கு" என்பதோடு சரி. டாக்டரிடம் போகலாம் என்றால் "மாட்டேன்". இது உடம்பா, மனசா, இல்லை வர இஷ்டமில்லாமல் சொல்கிறாரா? - ஒரு வாசகர், மதுரை

பதில்: இஷ்டமில்லையோ என்ற சந்தேகத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். அம்மா சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி அனுப்பினீர்களே, அது பெரிய உதவி.

"முடியல" நம் ஊரில் எல்லாவற்றுக்கும் உதவும் சொல். உங்கள் பக்கம் "மேலுக்கு முடியல" என்றால் ஆள் காய்ச்சலிலோ உடம்பு வலியிலோ படுத்திருக்கிறார் என்று அர்த்தம். "மாடி ஏற முடியல" என்றால் மூட்டு, அல்லது மூச்சு. "உன்னோட முடியல" என்றால் நோயே நீங்கள்தான். அதனால் இன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து "என்னம்மா முடியல?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு சும்மா இருங்கள்.

"போகணும்னு ஆசையாத்தான் இருக்கு, உடம்பு வரமாட்டேங்குது" என்று சொன்னால் முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் (பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை), தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை சராசரி, அப்புறம் வைட்டமின் பி12. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு, குறைந்தால் அசதி, கால் மதமதப்பு, ஞாபக மறதி எல்லாம் வரும், வீட்டில் "வயசாயிடுச்சு" என்று அதை முடித்துவிடுவார்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், பி12-ஐத் தனியாகக் கொடுத்துச் சரிசெய்யலாம்.

"போகணும்னே தோணல, எதுலயும் மனசு ஒட்டல" என்று சொன்னால் வேறு கதை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படி இருந்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பேரப்பிள்ளைகள் வந்தால் முகம் மலர்கிறதா என்று கவனியுங்கள். ஆனால் தைராய்டு குறைந்தாலும் மனசு ஒட்டாது, அதனால் இந்தப் பக்கம் போனாலும் ரத்தப் பரிசோதனை உண்டு. மனநலத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகவே பேசலாம்.

வார்த்தையால் நானே ஏமாந்ததுண்டு. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் "அம்மாவுக்குக் கன நாளா வருத்தம்" என்றார், நான் பாட்டுக்கு வீட்டில் என்ன பிரச்சினை, யார் என்ன சொன்னார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். நம்மவர்கள் மட்டும் என்ன, "மயக்கமா வருது" என்பார்கள், சிலருக்கு அது தலைசுற்றல், சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவது, சிலர் நிஜமாகவே நினைவு தப்பி விழுந்திருப்பார்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

எனக்கு ரொம்பப் பயம் தருகிற வார்த்தை "கேஸ்", அதாவது வெறும் வாயுத்தொல்லைதான் என்று சொல்லிவிடுவது. சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரலாம். வழக்கமில்லாத அசதி, மூச்சிரைப்பு, வியர்வை, தாடையிலோ முதுகிலோ வலி, மேல்வயிற்றில் ஒரு சங்கடம், இதெல்லாம் திடீரென்று வந்தால் ஓமத்தண்ணி கொடுத்து உட்கார வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். இப்போதைக்கு ஒரு இசிஜியும் எடுத்துவிடலாம். இரண்டு மாத அசதிக்கு இதயமும் காரணமாக இருக்கலாம்.

சரி, "மாட்டேன்"? அம்மா தலைமுறைப் பெண்கள் பிள்ளையிடம் "எனக்கு இஷ்டமில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது குறைவு, அதையும் "முடியல" என்றே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர் டாக்டர் விஷயத்தில் மட்டும் "மாட்டேன்" என்கிறார் என்றால் எனக்கு அதில் பிடிவாதத்தைவிடப் பயம்தான் தெரிகிறது. இன்சுலின் ஊசி போடச் சொல்லிவிடுவார்களோ, பிள்ளைக்குச் செலவோ, ஏதாவது பெரிதாகக் கண்டுபிடித்துவிடுவார்களோ. "டாக்டர் என்ன சொல்லிடுவார்னு நினைக்கிறம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "ரத்தம் மட்டும் கொடுத்துட்டு வந்துடலாம்" என்றால் வந்தாலும் வருவார்.

போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் முந்திக்கொண்டு "டயர்டா இருக்காங்க டாக்டர்" என்று சொல்லிவிடாதீர்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்று அவர் வாயாலேயே வரட்டும், அந்த ஒரு மாதிரி எந்த மாதிரி என்று டாக்டர் கேட்டுக்கொள்வார்.