மீல் கிட் பெட்டியில் வரும் ஐஸ் பையையும் பிளாஸ்டிக்கையும் என்ன செய்வது?

நறுக்கிய காய், அளந்த மசாலா என்று வரும் மீல் கிட்டில் மிஞ்சும் குப்பையை எப்படிக் கழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் செய்வதைச் சொல்கிறேன்.

பெரிய தலைவலி ஜெல் ஐஸ் பைதான். பெரும்பாலான பைகளில் இருப்பது தண்ணீரும் சோடியம் பாலிஅக்ரிலேட்டும். குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சுவதும் இதேதான். தயவுசெய்து சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். கிழியாத பையை ஃப்ரீசரில் போட்டுவையுங்கள். சுளுக்குக்குத் துணி சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம், ஊருக்குப் போகும்போது தயிர் கெடாமல் எடுத்துப் போகலாம். கிழிந்த ஒன்றைப் பழைய தட்டில் கொட்டி மொட்டைமாடியில் காயவைத்தேன். நாலைந்து நாள் வெயிலில் தட்டு நிறைய இருந்தது ஒரு கைப்பிடிக்குச் சுருங்கி, கல் உப்பு போல மொறமொறவென்று ஆனது. அதைப் பொட்டலம் கட்டி உலர் குப்பையில் போட்டேன். உரத்தொட்டியில் போடாதீர்கள், அது மக்காது.

அட்டைப்பெட்டியை டேப் உரித்து, மடித்து, பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்துவிடலாம். அடியில் 5 என்று போட்ட டப்பாக்கள் பாலிபுரொப்பிலீன். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் கொடுத்தால் பல கடைகளில் எடுத்துக்கொள்வார்கள்.

சாஸ், மசாலா சாஷேக்கள்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்க முடியாது, கடைக்காரரும் தொடமாட்டார். அப்புறம் என்ன வழி? மசாலா வீட்டில் இருக்கிறது, சாஷே வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.